மாமனார் காரில் பிசின்: பெட்ரோல் போட்டும் அசையல, என்ன செய்ய?

நிழல்தேடி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. பாதி விஷயத்தைச் சொன்னா பாதி பதில்தான் வரும்னு போன தடவை பேட்டரி விஷயத்துலேயே புரிஞ்சுடுச்சு.

கார் என்னுது இல்ல, மாமனாரோடது. கறுப்பு கலர். எட்டு வருஷ வண்டி, ஆனா ஷோரூம்ல இருந்து நேத்து எடுத்த மாதிரி வச்சிருப்பாரு. ஒரு மாசம் வெளியூர் கிளம்பும்போது சாவியைக் கையில குடுத்து, "வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வைங்க மாப்பிள்ளை, அது போதும்"னு சொல்லிட்டுப் போனாரு. அதோட நான் விட்டிருக்கணும். வெயில்ல நின்னா பெயிண்ட் வெளுத்துடுமேன்னு, நானா யோசிச்சு, தெரு ஓரத்துல நல்ல மர நிழலாப் பார்த்து நிறுத்தினேன். பதினோரு நாள்.

இப்ப நிலைமை இதுதான்.

கூரை, முன்கண்ணாடி எல்லாம் யாரோ சர்க்கரைத் தண்ணியைத் தெளிச்ச மாதிரி பொடிப்பொடியா புள்ளி. விரலை வச்சா ஒட்டுது. அது மேல தூசி படிஞ்சு கறுப்பு கார் சாம்பல் கலர்ல நிக்குது.

பின்பக்கம், கூரையோட கடைசியில இருந்து டிக்கி வரைக்கும், ஏழெட்டு உருண்டை. தேன் கலர். சின்னது குன்றிமணி அளவு, பெருசு அதைப் போல ரெண்டு மடங்கு. கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு.

பானெட்டுல இருக்கிறதுதான் வயித்தைக் கலக்குது. ஒரு இடத்துல விழுந்து, அங்கிருந்து ஹெட்லைட் வரைக்கும் ரெண்டு விரல் அகலத்துக்கு வழிஞ்சிருக்கு. நடுவுல பழுப்பு, ஓரம் கறுப்பு.

நான் செஞ்ச புத்திசாலித்தனம்: முதல்ல காய்ஞ்ச துணியால கூரையைத் துடைச்சேன். வெயில்ல சாய்ச்சுப் பார்த்தா சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கோடு. அப்புறம் துணியில பெட்ரோல் நனைச்சு ஒரு உருண்டையை இருபது நிமிஷம் தேய்ச்சேன். என் தோள்பட்டைதான் கழண்டுச்சு, உருண்டை அப்படியே உக்காந்திருக்கு. நகத்தால நெம்பினதுல நுனி மட்டும் கண்ணாடிச் சில்லு மாதிரி தெறிச்சுது. அதோட பயந்து நிறுத்திட்டேன்.

வீடியோக்கள்ல பற்பசைங்கிறான், நெயில் பாலிஷ் ரிமூவர்ங்கிறான், ஐஸ் கட்டிங்கிறான். ஆளுக்கு ஒண்ணு. வீட்டுலேயே சரி பண்ண முடியுமா? எதை முதல்ல செய்யணும்? இன்னொண்ணு, பானெட்டுல ஒரு சின்ன நசுங்கல் இருந்துச்சு, போன மாசம்தான் எடுத்து பெயிண்ட் அடிச்சாரு. பளபளன்னு இருந்துச்சு. மாமா வர இன்னும் ஒன்பது நாள் இருக்கு.

அவசரக்குடுக்கை:

இதுக்குப் போய் இவ்வளவு பெரிய கதையா? தின்னர் ஒரு சின்ன டப்பா வாங்குங்க, பஞ்சுல தொட்டு ஒரு இழுப்பு. அஞ்சு நிமிஷ வேலை. நான் என் பைக் டேங்க்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையையே அப்படித்தான் எடுத்தேன்.

பழைய பெயிண்டர்:

தம்பி, தின்னர் டப்பா வாங்கியிருந்தா அதைக் கீழ வச்சிடு. மூடியைத் திறக்காத. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

நீ கடைசி வரியில போற போக்குல சொல்லிட்டுப் போனியே, போன மாசம் பானெட்டுக்கு பெயிண்ட் அடிச்சதுன்னு, அதுதான் உன் பதிவுலேயே முக்கியமான சேதி. இருபத்தாறு வருஷம் ஸ்ப்ரே கன் பிடிச்சவன் சொல்றேன். மூணு விஷயம் கேட்டுச் சொல்லு:

பெயிண்ட் அடிச்சு சரியா எத்தனை நாள் ஆச்சு? பெயிண்ட் அடிக்கிற மூடின அறைக்குள்ள (பூத்) வச்சு சூடு காட்டினாங்களா, இல்ல வெளியில சும்மா காய விட்டாங்களா? முன்பக்கம் என்ன மரம், பின்பக்கம் என்ன மரம்?

நேரா நிமிர்ந்து பார்த்துட்டு வந்து எழுது.

நிழல்தேடி:

நன்றி அண்ணே. மாமியார்கிட்ட ஜாடையா விசாரிச்சேன். அடிச்சு இன்னையோட 23 நாள். சூடு காட்டல போல, ரெண்டு நாள் ஷெட்டுல நிறுத்திக் குடுத்தாங்களாம்.

போய் நிமிர்ந்தும் பார்த்தேன். முன்பக்கம் மாமரம். பானெட்டுக்கு நேர் மேல ஒரு கொத்துல காம்பு மட்டும் தொங்குது, காயை யாரோ பறிச்சிருக்காங்க. பின்பக்கம் வேப்பமரம், கிளையில வெட்டுக்காயம் மாதிரி ஒரு இடம். அங்கேயும் அதே தேன் கலர் உருண்டை கோத்து நிக்குது.

இலைக்காம்பு:

பெயிண்ட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பழைய பெயிண்டர் பார்த்துக்கொள்வார். தாவரவியல் நடத்துகிறவள் என்பதால் மேலே இருந்து விழுந்தது என்ன என்று மட்டும் சொல்கிறேன். உங்கள் காரில் இருப்பது ஒரே பொருள் இல்லை, மூன்று.

தமிழில் எல்லாவற்றையும் பிசின் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், சிக்கல் அங்கேதான். வேம்பு, கருவேலம் இரண்டும் வடிப்பது கோந்து வகை. சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த சங்கிலி அது. தண்ணீரில் ஊறும், உப்பும், கரையும். கருவேலம் பிசினைத் தண்ணீரில் கரைத்துத்தானே காகிதம் ஒட்டினோம்! பெட்ரோலுக்கும் ஆல்கஹாலுக்கும் அது மசியாது. நீங்கள் இருபது நிமிடம் தேய்த்தும் அசையாததற்குக் காரணம் உங்கள் தோள்பட்டை இல்லை. சர்க்கரைக் கட்டியை மண்ணெண்ணெயில் போட்டுக் கரைக்கப் பார்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

பைன் மரம் வடிப்பதும் குங்கிலியமும் இதற்கு நேர் எதிர். அவை ரெசின். தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடிவிடும், ஆல்கஹாலும் டர்பன்டைனும்தான் கரைக்கும். வீடியோக்களில் ஆல்கஹால் வைத்ததும் வழுக்கிக்கொண்டு வருகிறதே, அதில் பெரும்பாலும் பைன் மரத்துப் பிசினாக இருக்கும். ஆல், அரசு போன்றவற்றின் பால் மூன்றாவது ரகம். அதில் ரப்பர் துகள் இருக்கிறது, காய்ந்தால் இழுபடும்.

கூரையில் இருக்கும் பொடிப் புள்ளிகள் மரத்தில் இருந்து வடிந்தவையே இல்லை. மாமரத்தில் தத்துப்பூச்சி, செதில்பூச்சி, மாவுப்பூச்சி எல்லாம் சாற்றை உறிஞ்சும். அந்தச் சாற்றில் சர்க்கரை அதிகம், அவற்றுக்கு வேண்டிய சத்து குறைவு. அதனால் குடம் குடமாகக் குடித்து, மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரைப் பின்பக்கமாகத் தெளித்துவிடும். தேன்கழிவு என்று பெயர். நாகரிகமாகச் சொன்னால் அவ்வளவுதான், மற்றதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். இது தண்ணீரில் போய்விடும். நாள்கணக்கில் விட்டால் அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து கரி பூசியது போல ஆகும்.

பானெட்டில் வழிந்தது மாங்காய்ப் பால். காம்பு ஒடிந்த கணத்தில் பீய்ச்சி அடிக்கும். பெயர்தான் பால், ஆனால் கொஞ்சம் அமிலமும், எண்ணெய்ப் பசையான டெர்பீன் வகைப் பொருள்களும், தோலை வேகவைக்கும் வேறு சிலவும் கலந்தது. மாங்காயின் தோலிலேயே பட்டால் கறுத்துப்போகும். முந்திரியும் மாவும் ஒரே குடும்பம் என்றால் புரியும். தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

பழைய பெயிண்டர்:

டீச்சர் சொன்னதைப் படிச்சதும் எனக்கே ஒரு பழைய கணக்கு தீர்ந்துச்சு. வேப்பம்பிசினை தின்னர் வச்சுத் தேய்ச்சு, அது வராம பெயிண்ட் மட்டும் மங்கிப் போய், எங்க மேஸ்திரிகிட்ட மண்டையில குட்டு வாங்கினவன் நான். ஏன்னு அன்னைக்கு யாரும் சொல்லல.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல எதோட மல்லுக்கட்டுறோம்னு தெரிஞ்சுக்கோ. நீ பார்க்கிற பளபளப்பு கிளியர் கோட், அதாவது கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு. கம்பெனி வண்டியில அது சுமார் 40, 50 மைக்ரான் கனம். தலைமுடி ஒண்ணு ஏறக்குறைய 70 மைக்ரான். முடியை விட மெல்லிசான ஒரு தோல் மேல நீ நகத்தை வச்சு நெம்பியிருக்க. உருண்டை வராததே நல்லதுக்குதான். வந்திருந்தா தோலையும் பேத்துக்கிட்டு வந்திருக்கும்.

கம்பெனியில அடிக்கிற பெயிண்ட் 140 டிகிரி கிட்டத்துல வெந்தது, கெட்டி. கூரை, டிக்கி எல்லாம் அந்த ஜாதி. பானெட் அப்படி இல்ல. ஷெட்டுல காய வச்ச பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் தொட்டா காய்ஞ்சிருக்கும், உள்ளுக்குள்ள இன்னும் பச்சை. அது மேல தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எது போட்டாலும் குடிச்சுட்டு ஊதிக்கும், இல்லேன்னா சுருங்கி மங்கிடும். அடிச்சது பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டா இருந்தா இன்னும் மோசம், தின்னர் பட்ட இடம் அப்படியே கரைஞ்சு பஞ்சோட வந்துடும். அதனால ஒரே காருன்னு நினைக்காத. ரெண்டு காரு உன்கிட்ட இருக்குன்னு வச்சுக்கோ.

வண்டி ஆறியிருக்கணும். புறங்கையை பானெட்டுல வச்சுப் பாரு, ஜில்லுன்னு இருந்தாத்தான் ஆரம்பிக்கணும். காலையில முதல் வேலையா வச்சுக்கோ.

தூசி மேல துணி போடாத, இனிமே எப்பவுமே. அந்தச் சர்க்கரைப் பசையில மண்துகள் பதிஞ்சிருக்கு. அதை அழுத்தி இழுத்தா நீயே உப்புத்தாள் போட்ட மாதிரி. கூரையில உனக்கு விழுந்த கோடெல்லாம் அதுதான். முதல்ல தண்ணியைத் தாராளமா வழிய விடு. ஹோஸ் இருந்தா மேலே இருந்து கீழே. பிரஷர் வாஷர் இருந்தா பானெட் பக்கம் கொண்டு போகாத, புது பெயிண்ட்டோட ஓரம் கிளம்பிக்கும். அப்புறம் கை பொறுக்கிற சூட்டுல தண்ணி, அதுல கார் ஷாம்பு. பாத்திரம் விளக்குற சோப்பு வேண்டாம், அது இருக்கிற வேக்ஸையும் சேர்த்துக் கழுவிடும். ரெண்டு பக்கெட் வச்சுக்கோ, ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணு துணியை அலச. அஞ்சு நிமிஷம் நுரை ஊறட்டும். பாதிப் புள்ளி கை வைக்காமலே போயிடும். வைப்பரை மட்டும் தெரியாத்தனமா போட்டுடாத. பசை கண்ணாடி பூரா இழுத்துக்கும், வைப்பர் ரப்பரும் போச்சு.

இப்ப வேப்பம்பிசின். இதுக்கு மருந்து தண்ணி, வேலை செய்யப் போறது நேரம். பழைய பனியன் துணியை உள்ளங்கை அளவுக்குக் கிழி. வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, லேசாப் பிழிஞ்சு, ஒவ்வொரு உருண்டை மேலயும் ஒண்ணு வை. தண்ணி ஆவியாகாம இருக்க மேல ஒரு பாலிதீன் துண்டு. அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகாத. எடுத்துப் பார்த்தா வெளுத்து, ஊதி, ஜெல்லி மாதிரி நிக்கும். மேல உள்ளதை மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடு. மறுபடி நனை, மறுபடி மூடு. பெரிய உருண்டைக்கு மூணு, நாலு தடவை ஆகும். துணியை நாலா மடிச்சா எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானா அடுத்ததுக்குப் போ, எடுத்த பிசினையே திரும்ப காருக்குப் பூசாத.

பானெட்டை எப்பவும் கடைசியா வச்சுக்கோ. ஷாம்புத் தண்ணியில ஊற வச்சு, தண்ணியில கரையுற பாகத்தை முதல்ல எடு. மிச்சம் பழுப்பா பிசுபிசுன்னு நிக்கும், அது எண்ணெய்ப் பசை. எண்ணெயை எண்ணெயாலதான் இளக்கணும். லிக்விட் பாராஃபின் இருந்தா நல்லது, இல்லேன்னா தேங்காயெண்ணெய். பஞ்சுல தொட்டு மேல வச்சுப் பத்து நிமிஷம் விடு. அப்புறம் பஞ்சை உருட்டி எடு. தேய்க்கிறது வேற, உருட்டுறது வேற: பஞ்சு தன்னைத் தானே சுத்திக்கிட்டுப் பசையைத் தூக்கிட்டுப் போகணும், உன் விரல் அழுத்தம் பெயிண்ட்டுக்குத் தெரியவே கூடாது. முடிச்சதும் ஷாம்பு போட்டு எண்ணெயைக் கழுவிடு. ஒரு நாள்ல வராது. ஒன்பது நாள் இருக்கே, என்ன அவசரம்?

கூரையிலயோ டிக்கியிலயோ தண்ணிக்கு மசியாத ஏதாச்சும் மிஞ்சினா, அங்கே மட்டும், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பெட்ரோல் டேங்க் மூடிக்கு உள்பக்கம் தொட்டுப் பார்த்துட்டு, கலர் பஞ்சுல ஏறலேன்னா போடு. அரை நிமிஷம் ஒத்தி வச்சு ஒரே பக்கமா துடைச்சு எடு, உடனே தண்ணி. ஹெட்லைட்டு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அது பக்கம் தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் போகக் கூடாது, உள்ளுக்குள்ள மயிரிழை மயிரிழையா வெடிப்பு விட்டுடும். ஷாம்புத் தண்ணி மட்டும்.

பற்பசை கதையை மறந்துடு. அது அரைக்கிற சாமான், கரைக்கிற சாமான் இல்ல.

மூணாவதுகியர்:

அண்ணே, எல்லாம் சரி, ஆனா பெட்ரோலை இவ்வளவு திட்டணுமா? நான் மலைப் பாதையில ஓட்டுறவன், பைன் பிசின் வாரம் ஒண்ணு விழும். முன்னாடி பெட்ரோல்தான் போடுவேன், நல்லாவே வந்துச்சு. இப்ப ஹேண்ட் சானிடைசர். ஒரு சொட்டு வச்சு ஒரு நிமிஷம் விட்டா இளகிடுது. ஜெல்லா இருக்கிறதால வழிஞ்சு ஓடாம அதே இடத்துல நிக்கும். ஸ்பிரிட்டை விட அது வசதி. இன்னைக்கு வரைக்கும் பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகல.

பழைய பெயிண்டர்:

உன் வண்டிக்குச் சரி. கம்பெனி பெயிண்ட், பைன் பிசின், விழுந்த அன்னைக்கே எடுக்குற, ஒரு நிமிஷத்துல துடைக்கிற. எல்லாமே பொருந்துது. சானிடைசர்ல இருக்கிறதும் ஆல்கஹால்தானே. இந்தத் தம்பிக்கு மரம் வேற, பெயிண்ட் வேற.

பெட்ரோல் கரைக்காதுன்னு நான் சொல்லல. அதோட ஆவி காத்தை விடக் கனம், காத்தோட்டம் இல்லாத ஷெட்டுல தரையோட தரையா தவழும். துணி தேய்க்கிறதுல ஒரு பொறி வந்தா கார் போகட்டும், உன் கை என்ன ஆகும்? நெருப்பு பிடிச்ச ஆள் ஒருத்தரைக் கண்ணால பார்த்திருக்கேன், அதனால இந்த விஷயத்துல நான் பேரம் பேசுறதில்ல.

நிழல்தேடி:

நாலு நாள் கழிச்சு வர்றேன். மாமா வர அஞ்சு நாள்.

கூரை: தண்ணி, நுரை, தண்ணி. அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல கறுப்பு திரும்ப வந்துடுச்சு. நான் காய்ஞ்ச துணியால போட்ட கோடு மட்டும் அப்படியே இருக்கு, அது என் கையெழுத்து.

வேப்பம்பிசின்: இதை நான் விரிவா சொல்லியே ஆகணும். அண்ணன் சொன்ன மாதிரி பனியன் துணி, மேல பாலிதீன். டிக்கியைப் பார்த்தா அடிபட்ட ஆளுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்துச்சு. தெருவுல போனவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. அரை மணி கழிச்சு முதல் கட்டைப் பிரிச்சேன். தேன் கலர் போய், ஓரமெல்லாம் வெள்ளையா கலங்கி, தொட்டா ஆடுது! பெட்ரோலுக்கு கல்லு மாதிரி இருந்த அதே உருண்டைதான். துணியை மேல வச்சு ஒத்தினதும் மேல் பாதி அப்படியே துணியோட வந்துடுச்சு. பெருசுக்கு மட்டும் அஞ்சு தடவை. சாயந்திரம் டிக்கியில ஒரு சுவடு இல்ல. நான் நகத்தால நெம்பின இடத்துல மட்டும் பிறை நிலா மாதிரி ஒரு கீறல்.

பானெட்: தினமும் காலையில ஒரு சுற்று. முதல் நாள் ஷாம்புத் தண்ணியில பழுப்புல பாதி போச்சு. ரெண்டாவது நாள்ல இருந்து லிக்விட் பாராஃபின். பஞ்சை உருட்டுறது வர எனக்கு ஒரு நாள் ஆச்சு, கை தன்னால அழுத்தப் பார்க்குது. கடைசியில ஆள்காட்டி விரலை விட்டுட்டு மோதிர விரலால உருட்டினேன், அதுக்குத்தான் பலம் கம்மி. நாலாவது நாள் தொட்டுப் பார்த்தா வழவழன்னு இருக்கு, பசை ஒண்ணும் இல்ல.

ஆனா அண்ணே, வழிஞ்ச பாதை தெரியுது. நேரா பார்த்தா இல்ல. டியூப்லைட் வெளிச்சம் பானெட்டுல விழும்போது, அந்த இடத்துல மட்டும் வெளிச்சக் கோடு லேசா நெளியுது. ஓரத்துல மெல்லிய வளையம். இது அழுக்கா, பெயிண்ட் போயிடுச்சா?

பழைய பெயிண்டர்:

அழுக்கு இல்ல தம்பி, அரிப்பு. அமிலம் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தின்னிருக்கு. மதிய வெயில்ல பெயிண்ட் இளகும், மேல ஒட்டியிருக்கிற பிசின் காய்ஞ்சு சுருங்கும்போது அதையும் சேர்த்து இழுக்கும். பச்சை பெயிண்ட்டுல இது இன்னும் சுலபமா நடக்கும். கம்பெனி பெயிண்ட்டுலயும் பதினோரு நாள் விட்டா நடக்கிறதுதான்.

நகத்தை நிமிர்த்தி, அழுத்தாம, வளையத்துக்குக் குறுக்கே ஒருதரம் ஓட்டிப் பாரு. நகம் தட்டுதா, வழுக்கிட்டுப் போகுதா?

நிழல்தேடி:

ஹெட்லைட் பக்கம் வழுக்குது. முதல்ல சொட்டு விழுந்த இடத்துல மட்டும் லேசா தட்டுற மாதிரி ஒரு சந்தேகம். 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற நைஸ் உப்புத்தாள்) வாங்கி ரெண்டு இழுப்பு இழுக்கலாமா?

பழைய பெயிண்டர்:

வேண்டாம். வேண்டாம்னா வேண்டாம்.

வாட்டர் பேப்பர் தப்பான சாமான் இல்ல, நான் ஆயிரம் தடவை போட்டிருக்கேன். ஆனா ஷெட்டுல அடிச்சவன் கிளியர் எத்தனை கோட்டு விட்டான்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. கனம் பார்க்கிற மீட்டர் இல்லாம பேப்பர் வச்சா, எப்ப கலர்ல இறங்கினோம்னு இறங்கின பிறகுதான் தெரியும். கறுப்புல அது கண்ணுக்கு வேற மாதிரி அடிக்கும். இப்ப டியூப்லைட்ல மட்டும் தெரியுறது அப்புறம் ரோட்டுல போறவனுக்கும் தெரியும்.

வழுக்குற இடத்துக்கு ஃபைன் பாலிஷ். கம்பவுண்ட் இல்ல, அது இன்னும் முரட்டுத்தனமா அரைக்கும்; பாலிஷ். ஃபோம் பேடுல பட்டாணி அளவு எடுத்து கையாலயே போடு. குறுக்கே நாலு, நெடுக்கே நாலு. துடைச்சுட்டுப் பாரு. மங்கல் பெரும்பாலும் போயிடும். கூரையில இருக்கிற உன் கையெழுத்துக்கும் அதே மருந்துதான், அங்கே நெஞ்சை நிமிர்த்திப் போடலாம். நகம் தட்டுற இடத்தை விட்டுடு. பெயிண்ட் நல்லா இறுகட்டும், அடிச்ச ஆள்கிட்டயே மாமாவைக் காட்டச் சொல்லு.

பளபளப்பு வந்துடுச்சேன்னு பானெட்டுல வேக்ஸ் போட்டுடாத. புது பெயிண்ட்டுக்குள்ள இருக்கிற ஆவி வெளிய போகணும். பெயிண்ட் கம்பெனிக்காரங்க பெரும்பாலும் 30 நாள்ல இருந்து 90 நாள் வரைக்கும் வேக்ஸ் வேண்டாம்பாங்க, பெயிண்ட்டைப் பொறுத்து. கூரைக்கும் டிக்கிக்கும் போடு. வேக்ஸ் இருந்தா அடுத்த தடவை பிசின் பெயிண்ட்டுல உக்காராம வேக்ஸ் மேல உக்காரும்.

அவசரக்குடுக்கை:

ஒரு வாக்குமூலம். இதையெல்லாம் படிச்சுட்டு என் பைக் டேங்க்கைப் போய்ப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் சதுரமா மங்கிக் கிடக்கு. ரெண்டு வருஷமா வெயில்ல வெளுத்ததுன்னு நினைச்சுட்டு இருந்தேன். மேல இருக்கிற என் தின்னர் பதிலை அழிச்சுடட்டுமா?

இலைக்காம்பு:

அழிக்காதீர்கள். கீழே இருக்கும் பதில்கள் எதற்கு என்றே புரியாமல் போய்விடும்.

நிழல்தேடி:

கடைசிப் பதிவு. மாமா வந்துட்டாரு.

பாலிஷ் போட்டதுல வளையம் முக்கால்வாசி போயிடுச்சு. சொட்டு விழுந்த இடத்துல மட்டும் ஒரு பொட்டு. மறைக்க மனசு வரல, சாவியைக் குடுக்கும்போதே பானெட் பக்கம் கூட்டிட்டுப் போய் நடந்ததைச் சொன்னேன். குனிஞ்சு பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தாரு, மாட்டிக்கிட்டுப் பார்த்தாரு. "இதை எதால எடுத்தீங்க?"ன்னு கேட்டாரு. பஞ்சு, லிக்விட் பாராஃபின், மோதிர விரல்னு எல்லாம் சொன்னேன். "ம்"ன்னாரு. டிக்கியில இருந்த பிறை நிலாவையும் நானே காட்டினேன். அதுக்கும் ஒரு "ம்".

சாயந்திரம் வெளியில போயிட்டு வந்து வண்டியை நிறுத்தினாரு. எட்டிப் பார்க்கிறேன், அதே மாமரத்தடி. "மாமா, அங்கேயா?"ன்னா, "வெயில்ல நின்னா பெயிண்ட் வெளுத்துடும் மாப்பிள்ளை"ங்கிறாரு.

இப்ப ராத்திரி பத்து மணி. ஒரு பழைய கார் கவர் பரண்ல கிடைச்சுது. போய்ப் போர்த்திட்டு வரட்டுமா அண்ணே?

பழைய பெயிண்டர்:

வண்டி ஊர் சுத்தி வந்த தூசியோட இருக்கும், அது மேல கவர் போட்டா காத்துல ஆடி ஆடி ராத்திரி பூரா உப்புத்தாள் தேய்க்கும். காலையில கழுவிட்டு, நல்லா காய்ஞ்ச பிறகு, கவரோட உள்பக்கத்தை உதறிட்டுப் போடு. பானெட்டுக்கு மூச்சு விடுற துணிக் கவர்தான், ரப்பர் கோட்டிங் வச்ச ரகம்னா வேண்டாம்.

இன்னைக்கு ஒரு ராத்திரிக்கு, அந்தக் கொத்துல இன்னும் காய் தொங்குதான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, தொங்கினா ஒரு பத்தடி முன்னால எடுத்து விடு.